பிஸ்கட் டின்னுக்குள் தூள் இல்லை

அன்புள்ள மகன்,

டின்னைத் திறந்துவிட்டாய். சுற்றி ஒட்டியிருந்த டேப்பை வெட்டி, பத்திரிகைத் தாளை உரித்து, மூடியைக் கிளப்பி, மூக்கை உள்ளே விட்டிருப்பாய். வறுத்த கறித்தூளின் மணம் வந்திருக்காது. உள்ளே செத்தல் மிளகாய் ஒரு பையில், கொத்தமல்லி ஒரு பையில், பெருஞ்சீரகம், நற்சீரகம், மிளகு, வெந்தயம் எல்லாம் சின்னச் சின்னப் பைகளில், எல்லாவற்றுக்கும் மேலே இந்தக் கடிதம். பயப்படாதே. உன் அம்மாவுக்கு மூளை பிசகவில்லை. "பாவம், தூள் என்று நினைத்து மல்லியை மாறி வைத்துவிட்டா" என்று என் மருமகள் ஷாமினியைக் கூப்பிட்டுக் காட்டிக்கொண்டு நிற்காதே. கதிரையை இழுத்துப் போட்டு உட்கார். நான் உன்னோடு கொஞ்சம் கோபமாகக் கதைக்க வேண்டியிருக்கிறது. நேரில் கதைக்க நீ விடவில்லை. மூன்று வாரம் வெள்ளவத்தையில் என் வீட்டில் இருந்தாய். நான் வாயைத் திறந்த போதெல்லாம் "அம்மா, டென்ஷன் ஆகாதீங்கோ" என்றாய். எனக்கு டென்ஷன் வருவதே அந்தச் சொல்லைக் கேட்டால்தான்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்லும்படி கேட்டுவிட்டு விமானம் ஏறியிருக்கிறாய். கொழும்புக்கு வெளியே தென்னந்தோட்டத்துக்கு நடுவில் இருக்கும் அந்த முதியோர் இல்லத்துக்கு நான் போவதா, இல்லையா என்று. நீ என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டிய இடம் மோசமில்லை, உள்ளதைச் சொல்ல வேண்டும். காற்று வருகிறது, பூக்கன்று வைத்திருக்கிறார்கள், குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறது. அவர்கள் சமைக்கிற குசினியை ஒருக்கால் பார்க்கலாமா என்று கேட்டேன். இடத்தைச் சுற்றிக் காட்டிய பிள்ளை சிரித்துக்கொண்டு, "அங்க உங்களுக்கு ஒரு வேலையும் இல்லை அம்மா, நீங்கள் ரெஸ்ட் எடுக்கலாம்" என்றாள். நீயும் அவளோடு சேர்ந்து சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். களைப்பு என்று நீ நினைத்தாய். களைப்பு இல்லை மகன், வயிற்றெரிச்சல்.

நான் என்ன பெரிய சமையலா சமைக்கிறேன்? காலையில் வெயில் ஏறுவதற்கு முன் சந்தைக்குப் போகிறேன். "அம்மே, வட்டக்கா ஹொந்தய்" என்று பூசணிக்காயைத் தட்டிக் காட்டுகிற மரக்கறிக்காரனோடு எனக்குத் தெரிந்த சிங்களத்தில் கொஞ்ச நேரம் மல்லுக்கட்டுகிறேன். ஒரு துண்டு பூசணிக்காய், ஒரு கட்டுப் பொன்னாங்காணி, பாதித் தேங்காய். வந்து ஒரு சுண்டு அரிசி போடுகிறேன். பருப்பு, தேங்காய்ப்பாலில் பச்சை மிளகாய் கீறிப் போட்ட சொதி, கொஞ்சம் தேங்காய்ச் சம்பல். அவ்வளவுதான். இந்த ஆவணி மாதப் புழுக்கத்தில், கடற்காற்றுக்கூடச் சூடாக வருகிற நேரத்தில், இதற்கு மேல் எதுவும் தொண்டைக்குள் இறங்காது. பத்து மணிக்குச் சோறு கொதிக்கிற சத்தம் கேட்டால்தான் அன்றைய நாள் எனக்குச் சரியான வழியில் போகிறது என்று இருக்கும். உன் அப்பா போன பிறகு அந்தச் சத்தம்தான் வீட்டில் என்னோடு கதைக்கிறது. இதைச் சொன்னால் நீ உடனே "அம்மாவுக்குத் தனிமை" என்று டொக்டரைக் கூப்பிடுவாய். அதுதான் சொல்லவில்லை.

சித்திரை மாதம் பருப்புக் கருகியது, புகை கொரிடோருக்குப் போனது, எதிர் பிளாட் பரீனா வந்து கதவை உடைக்கிற மாதிரித் தட்டினாள். உண்மை. அன்றையிலிருந்து நீ ஆடிய ஆட்டம் இருக்கிறதே! ஒரு கிழமைக்குள் யாரோ ஒருவன் ஏணியோடு வந்து, பிரிட்ஜுக்கு மேலே ஒரு கமராவைப் பூட்டிவிட்டுப் போனான். கமரா பார்ப்பதோடு நிற்கும் என்று நினைத்தேன். அது வாயும் திறந்தது. நான் நெருப்புக்குச்சியைக் கையில் எடுத்ததும் மேலே இருந்து உன் குரல்: "அம்மா, அடுப்படியில என்ன செய்யிறீங்கள்?" முதல் நாள் எனக்கு நெஞ்சே நின்றுவிட்டது. கொச்சிக்கடை அந்தோனியார்தான் என்னைக் கேட்கிறார் என்று நினைத்து, நான் சிலுவை போட்டுக்கொண்டு, "தேத்தண்ணி போடப்போறன்" என்று மேலே பார்த்துப் பதில் சொன்னேன். பிறகுதான் அது ரொறன்ரோவிலிருந்து வந்த குரல் என்று விளங்கியது.

அதன் பிறகு நான் சமைக்கும்போது கமராவுக்கு மேல் குசினித் துணி ஒன்றைப் போட்டேன். அங்கே உனக்கு நடுச்சாமமாக இருந்தாலும் உடனே போன் அடிக்கும். "அம்மா, கமரா கறுப்பாக் கிடக்கு." "லைட் போயிட்டுது மகன்." "சரி, சரி, கவனமா இருங்கோ." இலங்கையில் ஒரு நாளைக்கு ஒரு தரம் மின்சாரம் போகிறது என்று நீ அங்கே எல்லாருக்கும் சொல்லியிருப்பாய். பட்டப்பகல் பத்து மணிக்கு, கடலைப் பார்த்த ஜன்னல் உள்ள குசினியில், லைட் போனால் ஏன் இருட்டாகிறது என்று நீ ஒரு நாளும் கேட்கவில்லை. பல்கலைக்கழகம் வரை படித்த பிள்ளை! உன் படிப்புக்காக நான் துறைமுகத்தடியில் அந்தக் கிளியரிங் கம்பனியில் டைப் அடித்து அடித்து விரல் தேய்ந்தவள். எனக்கு எப்படி இருக்கும், சொல்.

கமரா போதாது என்று மத்தியானச் சாப்பாடும் வந்தது. நீ அங்கே இருந்து போனில் அமத்த, இங்கே என் வாசலில் ஒரு மனிதர் ஹெல்மெட்டோடு வந்து நின்று "அம்மே, கேம" என்பார். ஒரு நாள் பிரைட் ரைஸ், ஒரு நாள் கொத்து ரொட்டி, ஒரு நாள் எண்ணெய் சொட்டுகிற என்னவோ நூடில்ஸ். எனக்கு வயது எழுபத்தொன்று. கொத்து ரொட்டியை நான் என்ன செய்வேன்? கீழே வாசலில் காவலுக்கு இருக்கிற வோச்சரிடம் கொடுத்துவிடுவேன். அவர் மனைவி என்னைக் கண்டால், "உங்கட புண்ணியத்தில மனிசனுக்குச் சேர்ட் பட்டன் பூட்டேலாமப் போச்சு" என்று சொல்கிறாள். நான் மரக்கறிச் சாப்பாடு போதும் என்று ஒரு தரம் உன்னிடம் சொன்னதற்கு, "வீட்டுச் சாப்பாடு அனுப்புற கடை ஒண்டு பிடிச்சிருக்கிறன்" என்று கடையை மாற்றினாய். அதுவும் வோச்சருக்குத்தான் போனது. பெட்டிகளை மட்டும் கழுவி அடுக்கி வைத்தேன். நல்ல பெட்டிகள், எறிய மனம் வரவில்லை.

அந்தப் பெட்டிகளைப் பற்றி நீ தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. ஆகஸ்ட் வந்தால் வெள்ளவத்தை எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். கனடா, லண்டன், சுவிஸ் எல்லாம் அரைக் காற்சட்டையோடு எங்கள் மெயின் வீதியான காலி வீதியில் நடக்கும். அந்தக் கூட்டத்தோடு நீயும் ஷாமினியும் பிள்ளையும் வந்து இறங்கினீர்கள். வந்த நாளிலிருந்து ஹோட்டல், பபே, கடல் பார்த்த ரெஸ்டோரண்ட். "அம்மா, நீங்கள் இருங்கோ, இது உங்கட ஹொலிடேயும்தான்" என்று என்னையும் இழுத்துக்கொண்டு போய், நான் கேட்காத நண்டையெல்லாம் என் தட்டில் போட்டாய். இரண்டாவது கிழமை உன் வயிறு கெட்டது. வெளியே போக முடியாமல் ஒரு நாள் முழுக்க வீட்டில் சுருண்டு கிடந்தாய். அன்று மத்தியானம் அந்த வீட்டுச் சாப்பாட்டுக் கடைக்கு போனில் சொன்னாயே, ஞாபகம் இருக்கிறதா? ஹெல்மெட் மனிதர் வந்தார். நான்தான் வாசலுக்குப் போனேன். வாங்கிய கையோடு கீழே வோச்சருக்கு அனுப்பிவிட்டேன். நீங்கள் மூன்று பேரும் தூங்கிக்கொண்டிருந்தபோது, காலையிலேயே, கமராவுக்குத் துணியைப் போட்டுவிட்டு நான் சமைத்து வைத்திருந்ததைக் கழுவி வைத்த பெட்டிகளில் போட்டு மேசையில் வைத்தேன். குழையச் சோறு, பருப்பு, பூசணிக்காய், தண்ணியாகச் சொதி.

நீ ஸ்பூனால் தொடங்கினாய். இரண்டாவது வாயில் ஸ்பூனை வைத்துவிட்டுக் கையால் பிசைந்தாய். பெட்டியின் மூலையில் ஒட்டியிருந்த பருப்பை விரலால் வழித்தாய். எனக்கு உள்ளுக்குள் எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? இப்போது கண்டுபிடிப்பான், இப்போது என்னைப் பார்த்துச் சிரிப்பான் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். நீ நிமிர்ந்து பார்த்தாய். "அம்மா, இந்தக் கடைக்காரன் கெட்டிக்காரன். அப்பிடியே உங்கட கை. நான் சொல்லேல்லையோ?"

"ஓம் மகன், நல்ல கடை" என்றேன். நீ அந்த இடத்திலேயே போனை எடுத்து அவர்களுக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்தாய். அம்மா சமைத்த மாதிரியே இருக்கிறது என்று இங்கிலீஷில் வேறு எழுதினாய். அதோடு விட்டாயா? ஷாமினியிடம் திரும்பி, "பார், இனி அம்மாவுக்கு அடுப்பே தேவையில்லை. இதே சாப்பாடு அந்த இல்லத்துக்கும் அனுப்பலாம்" என்றாய். என் பருப்பைத் தின்றுகொண்டே என்னைக் குசினியிலிருந்து அனுப்புகிறாய்! ஷாமினி என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். அவள் ஏதோ விளங்கிக்கொண்டாள் என்றுதான் நினைக்கிறேன். பெண்களுக்குப் பூசணிக்காய் வெட்டின விதத்திலேயே கை தெரியும். கடைக்காரன் தோலை அவ்வளவு கவனமாகவா சீவுவான்?

இதையும் நான் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாமல் போனது நீங்கள் புறப்படுவதற்குச் சில நாள் முந்தி. பயணப் பெட்டியைக் கட்டிலில் விரித்து வைத்துக்கொண்டு, ஒன்றுமே நடக்காத மாதிரிக் கேட்டாய்: "அம்மா, தூள் எடுத்து வச்சிருக்கிறீங்களோ? போன முறை கொண்டுபோனது முடிஞ்சுது. இந்த முறை கொஞ்சம் கூடத் தாங்கோ." அடுப்பைத் தொட்டால் வீடு எரியும் என்று மூன்று வாரமாகச் சொன்ன வாய் அது. "தூள் வறுக்க அடுப்புப் பத்த வைக்கோணும் மகன்" என்றேன். நீ உடுப்பை மடித்துக்கொண்டே சொன்னாய்: "அது சமையல் இல்லையே அம்மா."

தூள் வறுப்பது சமையல் இல்லையாம். மகன், இந்தப் புழுக்கத்தில் ஜன்னலையும் கதவையும் திறந்து வைத்துக்கொண்டு, தாச்சிக்கு முன்னால் அசையாமல் நின்று மல்லியை வறுக்க வேண்டும். கையெடுத்தால் அடிப்பிடிக்கும். பிறகு சீரகம், பிறகு மிளகு, வெந்தயம் கடைசியில், கொஞ்சம் கறுத்தாலும் தூள் முழுக்கக் கைக்கும். செத்தல் மிளகாய் வறுபடும்போது பரீனா வீட்டிலும் இருமுவார்கள். அதன் பிறகு ஆறவிட்டு, மில்லுக்குக் கொண்டுபோய், அங்கே வரிசையில் நின்று, சூடான தூளை வீட்டுக்குக் கொண்டுவந்து மறுபடி ஆறவிட வேண்டும். நான் செய்கிற சமையலிலேயே ஆபத்தானது இதுதான். ஒரு கோப்பை பருப்பு வேக வைக்கத் தகுதியில்லாத கிழவி, உனக்கு வருடம் முழுக்கப் போதுமான தூளை வறுக்கத் தகுதியானவளா? எனக்கு அன்று வந்த கோபத்தில் அந்தத் தாச்சியை உன் பெட்டிக்குள்ளேயே வைத்து அனுப்பியிருப்பேன். பாரம் கூடிவிடும் என்றுதான் விட்டேன்.

ஆகவே டின்னை இப்படிக் கட்டினேன். நீ தூக்கி மணந்து பார்த்து, "இந்த முறை மணமே வரேல்லை, நல்லா ஒட்டியிருக்கிறீங்கள்" என்று மெச்சுவாய். மூக்கும் நாக்கும் உனக்கு எதற்குத்தான் இருக்கிறதோ. சாமான் எல்லாம் அளந்துதான் வைத்திருக்கிறேன், நீயே வறு. ஷாமினியின் தலையில் கட்டாதே, நீ வறு. ஒவ்வொன்றையும் தனித்தனியாக, சின்ன நெருப்பில். செத்தல் மிளகாய்க்கு வரும்போது உங்கள் வீட்டுப் புகை மணி அலறும். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் வந்து கதவைத் தட்டுவார். நீ கண்ணில் தண்ணீர் வடிய இருமிக்கொண்டு போய்த் திறப்பாய். உனக்கு நாற்பத்து மூன்று வயது, ஆகவே உன்னை யாரும் ஒரு தென்னந்தோட்டத்துக்கு அனுப்பமாட்டார்கள். புகை வந்தது, அவ்வளவுதான் என்று ஜன்னலைத் திறந்துவிட்டுப் போவார்கள்.

இனி அந்தப் பருப்புக்கு வருகிறேன். இதைச் சொல்லாமலே போகலாம் என்றுதான் இவ்வளவு நாளும் இருந்தேன். ஷாமினிக்கு நீ பிறகு எல்லாவற்றையும் சொல்லிவிட்டாய் என்று அவளே எனக்குச் சொன்னதால், இனி எழுதினால் பிழையில்லை.

அன்று பின்னேரம் நான் இரவுச் சாப்பாட்டுக்குப் பருப்பை அடுப்பில் வைத்துவிட்டு வெளியே வந்தபோது போன் அடித்தது. நீ. எடுத்தேன். "வேலை போயிட்டுது அம்மா" என்றாய். அதற்குப் பிறகு அழுதாய். அப்பாவின் சவப்பெட்டியைக் கோவிலிலிருந்து தூக்கிக்கொண்டு போனபோதுகூட அழாத பிள்ளை. ஷாமினிக்குத் தெரியாது, பிள்ளைக்குத் தெரியாது, வேலைக்குப் போகிற மாதிரி காலையில் வெளிக்கிட்டுப் போய் எங்கேயோ காருக்குள் இருக்கிறேன் என்று விக்கி விக்கிச் சொன்னாய். என் போன் முன் ஹோலில் சார்ஜ் வயரில் குத்தியிருந்தது. அந்தப் பழைய போன், வயரைக் கழற்றினால் உடனே செத்துவிடும், நீ இந்த முறை மாற்றித் தந்தாயே, அதுதான். எனக்குப் பருப்பின் மணம் வந்தது, மகன். அடி பிடிக்கத் தொடங்கும்போது வருகிற மணமும் வந்தது, தேங்காய்ப்பால் கருகும்போது வருகிற மணமும் வந்தது. எனக்குத் தெரியாத மணமா? குசினி எத்தனை அடி தூரம்? ஆனால் போனை வைத்துவிட்டு எழும்பினால் என்ன நடக்கும் என்றும் எனக்குத் தெரியும். நான் திரும்பி வருவதற்குள் நீ முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஒண்டுமில்லை அம்மா, நான் பிறகு எடுக்கிறன்" என்று வைத்துவிடுவாய். பிறகு எடுக்கமாட்டாய். சின்ன வயதிலும் நீ அப்படித்தான், ஒரு தரம் கதவைச் சாத்தினால் பிறகு திறக்கவே மாட்டாய். அந்தக் காருக்குள் உன்னைத் தனியே விட எனக்குப் பயமாக இருந்தது. பருப்பு எரிந்தால் எரியட்டும் என்று இருந்துவிட்டேன்.

பரீனா கதவைத் தட்டியதும் நீ "என்ன அம்மா சத்தம்?" என்று பதறினாய். உன்னால்தான் என்று சொல்ல வாய் வருமா? "பருப்பு கருகிப்போச்சு மகன், மறந்துபோனன்" என்றேன். அவ்வளவுதான், உன் அழுகை நின்றது. உடனே எனக்குப் புத்தி சொல்லத் தொடங்கிவிட்டாய். காஸை மூடுங்கோ, ஜன்னலைத் திறவுங்கோ, டொக்டரிட்டக் காட்டினனீங்களோ என்று பழைய அதிகாரக் குரல். நான் புகைக்குள் நின்றுகொண்டு, அப்பாடா, பிள்ளை பழையபடி ஆகிவிட்டான் என்று அந்தோனியாருக்கு நன்றி சொன்னேன். அந்தக் குரல் இவ்வளவு மாதம் நிற்காமல் என் தலையில் ஆடும் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. அந்தச் சட்டியை நான் எறியவில்லை. தேய்த்துத் தேய்த்துப் பளபளக்க வைத்தேன். நீ ஐந்து நட்சத்திரம் கொடுத்த பருப்பும் அதில்தான் வெந்தது.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்காதே, பதில் இதுதான். நான் போகமாட்டேன். காஸ் இல்லாமல் கொழும்பு முழுக்கத் தவித்த காலத்தில் வெற்று சிலிண்டரை உருட்டிக்கொண்டு போய் வெயிலில் வரிசையில் நின்றவள் நான். வரிசை நகராத நாட்களில் பரீனாவும் நானும் பிளாட்டுக்குப் பின்னால் செங்கல் வைத்து விறகில் சோறு காய்ச்சினோம். அன்று யாரும் எங்களைப் பார்க்கக் கமரா பூட்டவில்லை. ஒரு நாள் எனக்கு உண்மையிலேயே மறதி வரும், கை நடுங்கும், எனக்கு அது தெரியாமல் இல்லை. அந்தப் பயம் உன்னைவிட எனக்குத்தான் கூட. வந்தால் நானே சொல்வேன், தென்னந்தோட்டத்துக்கும் போவேன், குசினியைப் பார்க்கவும் கேட்கமாட்டேன். அதுவரை மத்தியானச் சாப்பாட்டை நிற்பாட்டு, வோச்சர் மெலியட்டும். கமராவை, நீ விமானம் ஏறின கையோடு கழற்றிவிடுவேன். பரீனாவிடம் வீட்டுக் கதவின் திறப்பு ஒன்று கொடுத்திருக்கிறேன், அவளுக்கு உன் கமராவைவிட நல்ல மூக்கு.

உனக்கு இப்போது வேறு வேலை கிடைத்துவிட்டது, அதற்குக் கடவுளுக்கு நன்றி. ஆனாலும் வாழ்க்கை நீளமானது, இன்னொரு தரம் காருக்குள் இருந்து அழ வேண்டி வரலாம். வந்தால் எனக்கு எடு, எந்த நேரமானாலும் எடு. எடுத்ததும் முதலில், "அம்மா, அடுப்பை நிப்பாட்டிப்போட்டு வாங்கோ" என்று சொல். நிறுத்திவிட்டு வருகிறேன். அதன் பிறகு நீ விரும்பின நேரம் வரைக்கும் அழு.

அம்மா